ஹார்மோன் மாத்திரையும் அதன் தொல்லைகளும்: மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, "இனி தினம் ஒரு மாத்திரைதான்" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்காக எழுதியது இது. அந்த ஒரு மாத்திரை 5 ஆண்டு, சிலருக்கு 10 ஆண்டு வரை நீளும். கீமோ சமயத்தில் கூடவே இருந்த டாக்டரும் நர்ஸும் இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் கண்ணில் படுவார்கள். தொல்லைகளோ அந்த இடைப்பட்ட நாட்களில்தான் வரும். மருந்தை மாற்றுவதோ நிறுத்துவதோ உங்கள் டாக்டரிடம் பேசி முடிவு செய்ய வேண்டியது. அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

இந்த மாத்திரை உடம்புக்கு ஹார்மோன் கொடுக்கிறதா?

இல்லை, தடுக்கிறது. சில மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் ஈஸ்ட்ரோஜனைத் தின்றுதான் வளரும். பயாப்சி ரிப்போர்ட்டில் இ.ஆர். பாசிட்டிவ், பி.ஆர். பாசிட்டிவ் என்று இருந்தால் உங்கள் கட்டி அந்த ரகம். டமாக்சிஃபென், செல்லில் ஈஸ்ட்ரோஜன் வந்து அமரும் இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் மூன்றும் வேறு வழியில் போகின்றன. மாதவிலக்கு நின்ற பிறகும் கொழுப்பு, தசை முதலிய இடங்களில் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் உருவாகிக்கொண்டே இருக்கும். அதை உருவாக்கும் அரோமடேஸ் என்ற நொதியையே இவை முடக்கிவிடுகின்றன.

மாதவிலக்கு நிற்காதவர்களுக்கு இந்த மூன்றும் தனியாகப் பயன்படாது. கோசெரலின், லியூப்ரோலைடு போன்ற ஊசியால் சினைப்பையை அடக்கிவைத்துவிட்டுத்தான் இவற்றைக் கொடுப்பார்கள். அதனால் பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு மாத்திரையும் உங்களுக்கு வேறு மாத்திரையும் இருந்தால் குழம்ப வேண்டாம்.

நடுராத்திரியில் உடம்பு குப்பென்று கொதித்து, நைட்டி நனைகிற அளவுக்கு வேர்க்கிறது. காய்ச்சலா?

காய்ச்சல் இல்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளையில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி தடுமாறுகிறது. சும்மா இருக்கிற உடம்பைச் 'சூடாகிவிட்டது' என்று தப்பாகக் கணக்குப் போட்டு வேர்வையைத் திறந்துவிடுகிறது. முதல் சில மாதங்களில் கடுமையாக இருந்து, பலருக்குப் பிறகு தணியும். சந்தேகமாக இருந்தால் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். உண்மையிலேயே காய்ச்சல் இருந்தால் அது தனி விஷயம், அதற்குத் தனியாகக் காட்ட வேண்டும்.

சென்னை மே மாதத்தில் "குளிர்ச்சியான அறையில் இருங்கள்" என்று சொல்வது எளிது. ஏசி இல்லாத வீட்டில் நடக்கக்கூடியதைச் சொல்கிறேன். தளர்வான பருத்தி உடை, படுக்கைக்கு அருகில் ஒரு சொம்புத் தண்ணீரும் ஈரத்துண்டும், முகத்துக்கு நேரே ஒரு சிறிய மேசை விசிறி. எது தூண்டுகிறது என்று இரண்டு வாரம் கவனியுங்கள். சிலருக்குச் சூடான காபி, சிலருக்குக் கார மிளகாய், சிலருக்கு அடுப்படியில் நெடுநேரம் நிற்பது. எல்லாவற்றையும் விடத் தேவையில்லை, உங்களுக்கு ஒத்துக்கொள்ளாததை மட்டும் விட்டால் போதும்.

இதற்கும் அடங்காமல் தூக்கமே போகிறது என்றால் மருந்து உண்டு. வென்லாஃபாக்சின், கபாபென்டின், ஆக்சிபியூட்டினின் ஆகியவை ஆய்வுகளில் பலன் தந்தவை. வென்லாஃபாக்சின் மனச்சோர்வுக்கும், கபாபென்டின் வலிப்புக்கும், ஆக்சிபியூட்டினின் அடக்க முடியாத சிறுநீருக்கும் கொடுப்பவை. சீட்டைப் பார்த்துவிட்டு "எனக்கு எதற்கு மனநோய் மாத்திரை?" என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரவுத் தொல்லைதான் பெரிது என்றால் கபாபென்டினை இரவில் மட்டும் எடுக்கலாம், அது தூக்கத்தையும் சேர்த்துத் தரும்.

ஒன்று மட்டும் கூடாது: மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வழக்கமாகத் தரும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை. சுவீடனில் தொடங்கிய ஹாபிட்ஸ் என்ற ஆய்வில், மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் திரும்புவது கூடியதால் 2003-இல் ஆய்வை நடுவிலேயே நிறுத்தினார்கள்.

லெட்ரோசோல் ஆரம்பித்ததிலிருந்து காலையில் கை மடங்கவில்லை. படி இறங்க முடியவில்லை. எலும்புக்குப் பரவிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயம் வராதவர்கள் குறைவு. மூட்டுவலியும் இறுக்கமும் லெட்ரோசோல் வகை மருந்துகளின் மிகச் சாதாரணமான தொல்லை. இவற்றை நடுவில் கைவிடுபவர்களில் பெரும்பாலோர் சொல்லும் காரணமும் இதுதான்.

மருந்தால் வரும் வலிக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு கையிலும், இரண்டு முழங்காலிலும் என்று இருபுறமும் வரும். காலையிலும், நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் மோசமாக இருக்கும். கொஞ்சம் நடமாடியதும் இளகும். விரல் மடங்கி 'டக்' என்று மாட்டிக்கொள்வது, கையில் மரத்துப்போவது எல்லாம் இதோடு சேர்ந்தவைதான். அப்படியில்லாமல் முதுகிலோ இடுப்பிலோ ஒரே இடத்தில், நாளுக்கு நாள் கூடிக்கொண்டு, படுத்தாலும் விடாமல் தூக்கத்தைக் கலைக்கும் வலி என்றால் அடுத்த ஆறு மாதச் செக்கப்புக்குக் காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே போய்க் காட்டுங்கள். கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரி, மருந்தால் வந்த வலிதான் என்று தெரிந்துவிட்டது. என்ன செய்வது? வலிக்கிற மூட்டை அசைக்காமல் ஓய்வு கொடுக்கத்தான் மனசு சொல்லும், வீட்டிலும் அதையே சொல்வார்கள். ஆனால் இந்த வலிக்கு நடமாட்டம்தான் மருந்து. அமெரிக்காவில் ஹோப் என்ற ஆய்வில், இந்த மருந்தால் மூட்டுவலி வந்த பெண்களில் ஒரு பகுதியினரை வாரம் 150 நிமிடம் வேக நடை போன்ற பயிற்சியும், வாரம் இரண்டு நாள் பளு தூக்கும் பயிற்சியும் செய்யவைத்தார்கள். ஓராண்டில் அவர்களின் வலி சுமார் 30 விழுக்காடு குறைந்தது. பயிற்சி செய்யாத மற்றவர்களுக்குக் குறையவில்லை. 150 நிமிடம் என்றால் வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. பளு என்றதும் ஜிம் என்று நினைக்க வேண்டாம், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு போதும். அக்குளில் நெறிக்கட்டி எடுத்திருந்தால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டி, சிறிய எடையில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள்.

காலையில் எழுந்ததும் இளஞ்சூட்டு வெந்நீரில் கையை வைத்து விரல்களை மடக்கி நீட்டுவது இதமாக இருக்கும். பாரசிட்டமால் எடுக்கலாம். மற்ற வலி மாத்திரைகளை மெடிக்கலில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கெடுதல். அக்குபங்சரும், டூலோக்செடின் என்ற மாத்திரையும் முறையான ஆய்வுகளில் ஓரளவு பலன் காட்டியவை.

இவ்வளவும் போதவில்லை என்றால் டாக்டர் இரண்டு மூன்று வாரம் மருந்தை நிறுத்திப் பார்க்கச் சொல்லலாம். பிறகு அதே வகையில் வேறொன்றைக் கொடுப்பார். லெட்ரோசோலில் துடித்தவர் எக்ஸிமெஸ்டேனில் சமாளிப்பது உண்டு. எதுவுமே ஒத்துவராவிட்டால் டமாக்சிஃபெனுக்கு மாறலாம். இத்தனை கதவுகள் இருக்கின்றன என்பது தெரியாமல்தான் பலர் மாத்திரையை டப்பாவோடு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

எலும்பு தேயும் என்கிறார்கள். தினமும் பால் குடித்தால் போதுமா?

லெட்ரோசோல் வகை எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும். டமாக்சிஃபென் நேர்மாறு: மாதவிலக்கு நின்றவர்களுக்கு எலும்பைக் கொஞ்சம் காக்கவே செய்யும். லெட்ரோசோல் தொடங்கும்போதே ஒரு டெக்ஸா ஸ்கேன் எடுத்து, பிறகு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது முறை. ரிப்போர்ட்டில் டி-ஸ்கோர் என்று ஓர் எண் இருக்கும். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை என்று பொருள்.

கால்சியம் நாளுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் உண்டு. தயிர், முருங்கைக்கீரை, எள், முள்ளோடு தின்னும் சிறுமீன் எல்லாம் கணக்கில் சேரும். குறைவது எவ்வளவோ அதற்கு மட்டும் மாத்திரை போதும். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லாவிட்டாலும் வைட்டமின் டி குறைவு பரவலாக இருக்கிறது, ரத்தப் பரிசோதனை செய்துபாருங்கள். கால்சியத்தையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒரே வேளையில் போடாதீர்கள்.

அடர்த்தி இறங்கினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி போடுவார்கள். மாதவிலக்கு நின்றவர்களுக்கு எலும்பில் நோய் திரும்புவதையும் அது குறைக்கிறது என்பதால், ஸ்கேன் நன்றாக இருந்தும் சிலருக்குக் கொடுப்பதுண்டு. ஊசிக்கு முன் பல் டாக்டரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிடுங்கள். ஊசி போட்ட பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து, அரிதென்றாலும், உண்டு. எலும்புக்குப் போடும் இன்னொரு ஊசியான டெனோசுமாப் என்றால் தவணையைத் தவற விடவே கூடாது. பாதியில் நின்றால் முதுகெலும்பு நொறுங்கலாம்.

டமாக்சிஃபென் கர்ப்பப்பையில் கேன்சர் வரவைக்கும் என்று யூடியூபில் பார்த்தேன். ஸ்கேனிலும் "உள்சுவர் தடித்திருக்கிறது" என்று வந்திருக்கிறது.

ஆபத்து உண்மை, அளவு சிறிது. அட்லஸ் என்ற பன்னாட்டு ஆய்வின் முடிவு 2012-இல் வந்தது. 5 ஆண்டோடு நிறுத்தியவர்களில் அடுத்த பத்தாண்டுக்குள் கர்ப்பப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 1.6 விழுக்காடு, 10 ஆண்டு எடுத்தவர்களில் 3.1 விழுக்காடு. அதே காலத்தில் மார்பகப் புற்றுநோயால் இறப்பது 15 விழுக்காட்டிலிருந்து 12.2 ஆகக் குறைந்தது. மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு இந்தக் கர்ப்பப்பை ஆபத்து கூடுவதாகத் தெரியவில்லை.

டமாக்சிஃபென் எடுப்பவர்களுக்கு ஸ்கேனில் உள்சுவர் தடிப்பாகத் தெரிவது மிகச் சாதாரணம். ரத்தப்போக்கு எதுவும் இல்லாதபோது வருடாவருடம் ஸ்கேன் எடுப்பதால் வீண் பயமும், உள்சுவரைச் சுரண்டி எடுக்கும் வீண் 'டி அண்டு சி'யும்தான் மிச்சம். மாஸ்டர் செக்கப் பேக்கேஜில் இதைச் சேர்த்து விற்கிறார்களே என்று எடுத்துவிட்டு, தூக்கம் கெட்டு அலைபவர்கள் அதிகம். கவனிக்க வேண்டியது ரத்தம். மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும், பழுப்பு நிறத்தில் பட்டாலும், உடனே மகப்பேறு டாக்டரிடம் காட்டுங்கள். வெறும் வெள்ளைப்படுதல் இந்த மருந்தில் சகஜம். நாற்றமோ அரிப்போ இருந்தால் மட்டும் பார்க்க வேண்டும்.

கீமோவில் மாதவிலக்கு நின்றது. லெட்ரோசோல் எடுக்கிறேன். இப்போது மறுபடி வந்திருக்கிறது. நல்ல அறிகுறிதானே?

இல்லை, இதை உடனே சொல்ல வேண்டும். சினைப்பை விழித்துக்கொண்டால் லெட்ரோசோல் வேலை செய்யாது. மருந்தை மாற்றவோ, ஊசி சேர்க்கவோ வேண்டியிருக்கும்.

டமாக்சிஃபெனில் மாதவிலக்கே வரவில்லை. கருத்தடை எதற்கு?

மாதவிலக்கு வராவிட்டாலும் கருமுட்டை வெளியாகலாம். இந்த மருந்தின் கதையே அப்படித்தான். 1962-இல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் இதை உருவாக்கியபோது கருத்தடை மருந்துதான் தேடிக்கொண்டிருந்தார்கள். எலிகளில் கரு தங்காமல் தடுத்த மருந்து, பெண்களில் கருமுட்டையைத் தூண்டிவிட்டது! மருந்து எடுக்கும்போது கரு தங்கினால் சிசுவுக்குக் கேடு. எனவே ஆணுறை, ஹார்மோன் இல்லாத காப்பர்-டி போன்றவைதான் வழி. கருத்தடை மாத்திரை ஆகாது.

குழந்தை வேண்டும் என்றால் மறைக்காமல் கேளுங்கள். 2023-இல் வெளியான பாசிட்டிவ் என்ற ஆய்வில் 42 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு மருந்து எடுத்து, பிறகு இரண்டு ஆண்டு வரை நிறுத்திக் குழந்தைக்கு முயன்றார்கள். முதல் மூன்று ஆண்டுகளில் நோய் திரும்புவது கூடவில்லை. அதற்குப் பிந்தைய ஆண்டுகளின் கணக்கு இன்னும் பார்க்கப்படுகிறது. எல்லோருக்கும் பொருந்தாது, ஆனால் "இனி குழந்தையே கிடையாது" என்ற காலம் மாறிவிட்டது.

தாம்பத்தியம் வலிக்கிறது. இதை எப்படி டாக்டரிடம் கேட்பது?

"கீழே வறட்சியாக இருக்கிறது, எரிகிறது" என்று இரண்டே வார்த்தை போதும், மீதியை அவர்கள் புரிந்துகொள்வார்கள். ஆண் டாக்டரிடம் கூச்சமென்றால் நர்ஸிடம் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் அங்குள்ள தோல் மெலிந்து வறண்டுபோகும். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருவதற்கும் இது காரணமாகலாம். லெட்ரோசோல் வகையில் இது அதிகம். கணவருக்கும் இது தெரிய வேண்டும். மனைவிக்கு விருப்பமில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார், அவருக்குப் புரியவில்லை என்று இவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

உறவின்போது தண்ணீர் சார்ந்த லூப்ரிகன்ட் ஜெல், மற்ற நாட்களில் வாரம் இரண்டு மூன்று முறை மாய்ஸ்சரைசர் ஜெல் என்று இரண்டும் தனித்தனியாக வேண்டும். தேங்காயெண்ணெயும் பலருக்கு உதவுகிறது, ஆனால் எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் ஆணுறை கிழியும். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவதை நிறுத்துங்கள். ஈஸ்ட்ரோஜன் க்ரீமை மெடிக்கலில் நீங்களாக வாங்கக் கூடாது. முக்கியமாக லெட்ரோசோல் வகை எடுப்பவர்கள் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

ரத்தம் கட்டிக்கொள்ளும் என்று மாத்திரைச் சீட்டில் போட்டிருக்கிறது.

டமாக்சிஃபெனில் வரலாம், அதிகம் பேருக்கு வராது. ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்துச் சிவந்தால் அன்றே காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். முன்பு ரத்தக்கட்டி வந்திருந்தால் மருந்து தொடங்கும்போதே சொல்ல வேண்டும். வேறு எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் டமாக்சிஃபென் எடுப்பதை அந்த சர்ஜனிடம் சொல்லுங்கள். நீண்ட பேருந்து, விமானப் பயணங்களில் தண்ணீர் குடித்து, அவ்வப்போது எழுந்து நடங்கள்.

முடி கொட்டுகிறது, எடை ஏறுகிறது.

முடி மெலியும், கீமோ மாதிரி மொட்டையாகாது. மருந்தின் மேல் பழி போடும் முன் தைராய்டு, இரும்புச்சத்து பாருங்கள். எடைக்கு மாத்திரை மட்டும் காரணமில்லை. சீக்கிரம் வந்த மாதவிலக்கு நிறுத்தம், கீமோ காலத்து ஸ்டீராய்டு, "உடம்பு தேறணும்" என்று வீட்டில் ஊட்டும் ஊட்டு எல்லாம் சேர்ந்தது.

வேறு மாத்திரைகளோடு சேர்த்து எடுக்கலாமா?

டமாக்சிஃபென் கல்லீரலில் எண்டாக்சிஃபென் என்று மாறிய பிறகுதான் முழு வேலை செய்யும். அந்த மாற்றத்தைச் சில மருந்துகள் தடுக்கும். மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூவாக்ஸெடின், பராக்ஸெடின், புப்ரோபியான் இந்த வகை. இவை நோயைத் திரும்ப வரவைக்கும் என்று உறுதியாகிவிடவில்லை. ஆனாலும் வென்லாஃபாக்சின் போன்ற மாற்று இருக்கும்போது எதற்கு வம்பு? பலருக்குத் தெரியாத இன்னொன்று, படர்தாமரைக்கு மெடிக்கலில் சாதாரணமாக எடுத்துக் கொடுக்கும் டெர்பினாஃபின் மாத்திரை. அதுவும் இதே தடையைச் செய்யும். தோலில் தடவும் க்ரீம் பரவாயில்லை. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு டமாக்சிஃபெனால் ரத்தக்கசிவு கூடும்.

சித்த மருந்து, மஞ்சள், சோயா?

குழம்பில் போடும் மஞ்சளுக்கு எந்தத் தடையும் இல்லை. மஞ்சளிலிருந்து எடுத்து, மிளகுச் சாறு சேர்த்த குர்குமின் கேப்ஸ்யூல் வேறு விஷயம். நெதர்லாந்தில் செய்த ஒரு சிறிய ஆய்வில் அது எண்டாக்சிஃபென் அளவைக் குறைத்தது. சோயாவை உணவாகச் சாப்பிடலாம், மாத்திரையாக வேண்டாம். தண்ணீர்விட்டான் கிழங்கு, அதிமதுரம் போன்றவற்றில் ஈஸ்ட்ரோஜன் போன்று செயல்படக்கூடிய பொருட்கள் இருப்பதால் லேகியமாகத் தொடர்ந்து எடுப்பதை நான் தவிர்க்கவே சொல்வேன். எதை எடுத்தாலும் டப்பாவைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். திட்டுவார் என்று மறைத்தால், கல்லீரல் டெஸ்ட் ஏறும்போது யாருக்கும் காரணம் புரியாது.

எரிச்சல், அழுகை, மறதி. நான் மாறிவிட்டேன் என்கிறார்கள்.

தூக்கம் கெட்டால் யாரும் மாறுவார்கள். முதலில் இரவு வேர்வையைச் சரிசெய்யுங்கள், பாதி அதிலேயே தீரும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காதீர்கள். வீட்டில் சொல்லிவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

ஒரு நாள் மறந்துவிட்டால்?

அன்றே ஞாபகம் வந்தால் போடுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் வழக்கமான ஒன்று மட்டும், இரட்டையாக வேண்டாம். டமாக்சிஃபென் உடம்பில் பல நாள் தங்குவது, ஒரு நாளில் ஒன்றும் ஆகிவிடாது. எக்ஸிமெஸ்டேன் மட்டும் சாப்பிட்ட பின், மற்றவை எப்போதும் போடலாம்.

தாங்க முடியாமல் மூன்று மாதமாக நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை.

நீங்கள் தனியாள் இல்லை. அமெரிக்காவின் வடக்கு கலிபோர்னியாவில் 8,769 பெண்களின் மருந்துப் பதிவுகளைப் பார்த்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், முழுக் காலமும் ஒழுங்காக எடுத்தவர்கள் 49 விழுக்காடுதான். மறுபக்கம், 5 ஆண்டு டமாக்சிஃபென் எடுத்தால் மார்பகப் புற்றுநோயால் இறப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பது பல ஆயிரம் பெண்களைத் தொடர்ந்து பார்த்த கணக்கு. இதை விட்டுக்கொடுக்க முடியாது, அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு துன்பப்படவும் வேண்டாம்.

அடுத்த வாரமே போய் "நிறுத்திவிட்டேன், இதனால்தான்" என்று சொல்லுங்கள். எடுப்பதாகச் சொல்லிவிட்டு எடுக்காமல் இருந்தால், டாக்டர் தப்பான கணக்கில் அடுத்த முடிவை எடுப்பார். திரும்பத் தொடங்கலாம், வேறு மருந்துக்கு மாறலாம். நீங்களாகப் பாதியாக உடைத்துப் போடாதீர்கள். இத்தாலியில் 5 மில்லிகிராம் டமாக்சிஃபெனை மூன்று ஆண்டு கொடுத்துப் பலன் கண்டது உண்மைதான். ஆனால் அது பால் நாளத்தைத் தாண்டாத ஆரம்ப மாற்றங்களுக்கு. பரவும் வகைக்கு வழக்கமான அளவு 20 மில்லிகிராம்.

செலவுதான் காரணம் என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைக்கு மாற்றி எழுதித் தரச் சொல்லலாம். மக்கள் மருந்தகங்களில் இதே மருந்து பொதுப்பெயரில் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

5 ஆண்டு முடிந்ததும் எல்லாம் போய்விடுமா?

முதலில் 5 போதுமா என்று பார்ப்பார்கள். நெறிக்கட்டியில் நோய் இருந்தவர்களுக்கு நீட்டிக்கச் சொல்வது அதிகம். கட்டி சிறியதாக இருந்து, எலும்பும் பலவீனமாக இருந்தால் நிறுத்துவதே நல்லது என்று முடிவாகலாம். நிறுத்தினால் மூட்டு இறுக்கம் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் இளகும். வேர்வையும் குறையும், ஆனால் அதற்குள் இயல்பாகவே மாதவிலக்கு நின்றிருந்தால் கொஞ்சம் மிஞ்சும். வறட்சி தானாகப் போகாது, ஜெல்லைத் தொடர வேண்டும். எலும்பு ஓரளவு தேறும். டமாக்சிஃபெனால் சிலருக்குக் கண்ணில் புரை விழுவதுண்டு, அப்படி விழுந்திருந்தால் அதற்கு ஆபரேஷன்தான். மருந்து நின்றாலும் வருடாந்திர மேமோகிராம் நிற்காது.